படிக்கிறவங்களக் கூப்பிடக் கூடாது

...இல்ல பூட்டுக்காரரே, கைப்பிடி தானா வந்துச்சு. நான் சும்மா தொட்டேன். சரி, இழுத்தேன். கொஞ்சம் பலமா இழுத்தேன்னே வெச்சுக்குங்க. அதுக்காகக் கையோட வந்துடறதா? என்ன கதவு இது! அப்படி முறைக்காதீங்க. வேலையப் பாருங்க. லைப்ரரி ஆறு மணிக்கு மூடிடும். அதுக்குள்ள உள்ள இருக்கற புத்தகம் வெளிய வந்தாகணும். அவ்வளவுதான். நான் அதிகம் பேசறவன் இல்ல.

உள்ள யாரா? என் பேத்தி. பயப்படாதீங்க, அழமாட்டா. ஃபேன் இருக்கு, தண்ணி இருக்கு, புத்தகம் இருக்கு. வேற என்ன வேணும் அவளுக்கு? "இன்னும் ஒரே ஒரு அத்தியாயம் தாத்தா"ன்னு சொல்லிப் பூட்டிக்கிட்டா. காலைலேர்ந்து அதே ஒரு அத்தியாயம்! ஒரு அவசரத்துல நான் கைப்பிடிய... சரி, அத விடுங்க. இப்ப அவளே நெனச்சாலும் தொறக்க முடியாது.

பள்ளிக்கூடம் இல்லியான்னு பாக்கறீங்க. எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க. அவ போறதில்ல. வீட்டுலயே படிப்பு. மருமகளோட ஏற்பாடு. மணி கிடையாது, பரீட்சை கிடையாது. "படிக்கணுங்கற ஆசை வந்துட்டாப் போதும் மாமா, மத்ததெல்லாம் தானா வரும்"னா. வந்துச்சு. நல்லா வந்துச்சு! எறும்பப் பத்திப் படிச்சா. ஒரு வாரம் சர்க்கரை டப்பாவ மூட விடல. எறும்பு எந்த வழியா வருதுன்னு பாக்கணுமாம். பாலத்தப் பத்திப் படிச்சா. என் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவுல கயித்துப் பாலம். எந்திரிச்சா கழுத்துல மாட்டுது. கேட்டா, "குனிஞ்சு போங்க தாத்தா, கீழ ஆறு ஓடுது"ங்கறா.

ஆனா ஒண்ணு. அவ கேக்கற கேள்வி இருக்கே... என் மகன் பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனான். ஒரு கேள்வி கேட்டதில்ல. "சாப்பாடு ரெடியா?" அது ஒண்ணுதான்.

என்ன, ஸ்டூல் ஆடுதா? இருங்க... இந்தாங்க. தடிப் புத்தகம். ஸ்டூல் காலுக்கு அடியில வெச்சுக்குங்க. பரவால்ல, சொந்தப் புத்தகம்தான். எல்லாரும் படிச்சு முடிச்சாச்சு. இது முதல் பாகம். ரெண்டாம் பாகம் கடையில கெடைக்கல. லைப்ரரியில எடுத்தது. அதுதான் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. இன்னிக்குக் கடைசித் தேதி. லைப்ரரிக்காரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேல என்னையப் பாத்து, "இந்த வாட்டியும் தாண்டுச்சுன்னா உங்க வீட்டு அட்டைய ரத்து பண்ணிடுவேன் பெரியவரே"ன்னுடுச்சு. எனக்கென்ன, நான் படிச்ச மனுஷனா? ஆனா புள்ளைக்கு அதுதான் பள்ளிக்கூடம். அட்டை போச்சுன்னா வீட்டுப் படிப்புல வீடு மட்டும்தான் மிச்சம்.

மருமகளக் கூப்பிடறதா? நல்லாச் சொன்னீங்க. பால்கனியில படிச்சுக்கிட்டிருக்கா. கூப்பிடக் கூடாது. அதோ, செவுத்துல பாருங்க. கொட்டை எழுத்துல. "படிக்கிறவங்களை எந்த வேலைக்கும் கூப்பிடக் கூடாது." இந்த வீட்டுச் சட்டம். இதனால நான் படற பாடு! துவைச்ச துணி மெஷினுக்குள்ளயே கெடந்து நாறுது. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு, ஒருத்தர் தலையத் தூக்கல. என் மகன் நேத்துப் பாதித் தாடியோட ஆபீஸ் போனான். ஒரு கன்னம் வழிக்கிற நேரத்துல கதை சூடு பிடிச்சிடுச்சாம். இப்படி ஒரு சட்டத்த எந்த மகராசன் போட்டானோ...

என்ன, யாருன்னா கேட்டீங்க? கேக்கல? கேட்ட மாதிரி இருந்துச்சு.

நான்தான்.

ஆளுக்கொரு சட்டம் சொல்லுங்கன்னு மருமக வீட்டுல ஒரு கூட்டம் போட்டா. நான் இதச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. "மாமாவுக்குப் படிப்பு மேல எவ்வளவு மரியாதை!"ன்னு அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மரியாதையாவது ஒண்ணாவது! பால் வாங்கிட்டு வாங்க, துணி காயப் போடுங்கன்னு மனுஷன உக்கார விட்டாங்களா? மூஞ்சிக்கு நேரா ஒரு தடிப் புத்தகத்தத் தொறந்து வெச்சுக்கிட்டா நிம்மதியாத் தூங்கலாமேன்னு... தூங்கினேன். ஒரு வாரம் ராஜ தூக்கம்.

இந்தப் பொண்ணு விட்டாளா? "தாத்தா, எந்த எடத்துல இருக்கீங்க? பெட்டி காணாமப் போயிடுச்சா?"ன்னு வந்து நின்னா. என்ன பெட்டி? எந்தப் பெட்டி? மாட்டிக்குவேன்ல. சரி, பதில் சொல்றதுக்கு ஒரு பக்கம் படிப்போம்னு படிச்சேன். நான் பஸ்ஸுல செக்கிங் பாத்தவன் பூட்டுக்காரரே. டிக்கெட்டத் தவிர எதையும் முழுசாப் படிச்சதில்ல. அந்த ஒரு பக்கம்... அங்க புடிச்சது. கதையில, ஓடற பஸ்ஸுல, கண்டக்டர் கண்ணுல மண்ணத் தூவிட்டுப் பெட்டிய எவனோ தூக்கிட்டான்யா! யாருன்னு இன்னும் தெரியல. எனக்கு டிரைவர் மேலதான் சந்தேகம். என் சர்வீஸ்ல எத்தன டிரைவரப் பாத்திருக்கேன்! ரெண்டாம் பாகத்துல எனக்குக் கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. காலைல பல்லு வெளக்கப் போனேன். அந்தக் கேப்புல புத்தகத்தத் தூக்கிட்டு உள்ள போயிட்டா.

அட்டைக்காகத்தான் கதவத் தொறக்கச் சொன்னேன். சத்தியமா. ஆனா லைப்ரரிக்குப் போற வழியில பார்க்குல ஒரு பெஞ்சு இருக்கு...

என்ன, ஸ்க்ரூடிரைவர் சத்தமே காணோம்? பூட்டுக்காரரே? ஓய்!

அடப்பாவி மனுஷா! தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டீரே! அது ஸ்டூலுக்கு வெக்கக் குடுத்ததுய்யா! கதவு... லைப்ரரி... ஐயா, உங்களத்தான்...

என்னம்மா? உள்ளேர்ந்து நீ வேற கத்தாத. ஆமா, படிக்கிறாரு. எந்த எடமா? நடுவுலயே தொறந்து ஆரம்பிச்சுட்டாரு, பெட்டி காணாமப் போற எடம். என்னது, கூப்பிடக் கூடாதா? அவர் நம்ம வீட்டு ஆள் இல்லம்மா! யாரா இருந்தாலும் சட்டம் சட்டமா?

...சரி. கூப்பிடல. சட்டம் போட்டவனே மீறக் கூடாது.

படிங்க பூட்டுக்காரரே. நல்லாப் படிங்க. லைட்ட வேணா போடறேன். ஆனா மணி நாலாகுது, கொஞ்சம் வேகமாப் படிங்க. முதல் பாகம் முடியற எடத்துல, "ஐயையோ, ரெண்டாம் பாகம் எங்க?"ன்னு நீங்களே எந்திரிச்சு நிப்பீங்க.

கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கு.