பனி செய்யாத குற்றம்

பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. அடிவாரம் தொடங்கி மாரமங்கலம் வரை கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சகலரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கவும்: பிரிண்டர் ஓடாததற்குப் பனி காரணம் அல்ல.

எங்கள் மலையில் இதை யாரும் நம்ப மாட்டார்கள். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையா, பனி. வைஃபை போய்விட்டதா, பனி. வெயில் காய்கிற நாளில் மௌஸ் நகரவில்லை என்றால் அது நேற்றைய பனி. லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் ஓடும் மெஷின்களைச் சரிபார்க்கப் போகும் நான் இந்த நம்பிக்கையைக் கலைத்ததில்லை. சத்தம் டிவி வயருக்குப் போய்க்கொண்டிருக்கும். அதை ஸ்பீக்கருக்குத் திருப்பிவிட்டு "பனிதானுங்க" என்பேன். டீ வரும்.

மஞ்சக்குட்டை ஜெயபிரகாஷ் அப்படித்தான் பழக்கம். காபித் தோட்டக்காரர், விவசாயிகள் சங்கத் தலைவர். 'சுருக்கமாகச் சொன்னால்' என்று ஆரம்பித்து ஊரார் சாப்பாட்டை ஆறவைப்பவர். "சிந்தன சுதந்திரமா இருக்கோணும்னா கம்ப்யூட்டரும் சுதந்திரமா இருக்கோணுமுங்க" என்று பிரகடனம் செய்து, என்னை லினக்ஸ் போட வைத்தார். சுதந்திரம் கிடைத்த மறுநாளே பிரிண்டர் நின்றது. காகிதம் சிக்கியதும் மெஷின் அச்சு வரிசையை நிறுத்தி வைத்திருந்தது. 'தொடர்க' என்று ஒரு தட்டு, அவ்வளவுதான்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி கவிதா கேட்டார்: "ஏனுங்க, இவரு பேச்சயும் அப்படி நிறுத்தி வெக்க ஒரு பட்டன் இருக்குதுங்களா?"

அன்று அச்சில் வந்தது, அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தின் முன்னுரை. மலைக்காரர்களின் வரலாறு. காளியாயி, மாதையன் மாதிரி வயதானவர்களைத் தேடி நடந்து, அவர்கள் சொன்னதைச் செல்போனில் பதிந்து, வருஷக்கணக்காகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். முன்னுரையில் தன்னையே 'இம்மலையின் குரல்' என்று அழைத்துக்கொண்டிருந்தார். நானும் எழுதுகிறவன்தான்; சேலத்துப் பத்திரிகை ஒன்றில் நையாண்டிப் பத்தி. ஊதிப்போனவர்களை ஊசியால் குத்துவது என் கடமை. மெஷினைச் சரிபார்க்கிற சாக்கில் மற்ற அத்தியாயங்களையும் திரையில் படித்து வைத்தேன்.

போன மழைக்காலத்தில் அந்த மெஷின், பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு மறுபடி பாஸ்வேர்டே கேட்டது. டிஸ்க் நிரம்பிவிட்டால் லினக்ஸ் இப்படித்தான் வாசலிலேயே நிறுத்தும். தேவையில்லாத பழைய கோப்புகள் சிலவற்றை நீக்கினால் போதும். காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

"புஸ்தகம் பத்திரமா இருக்குதுங்களா? பிரஸ்ஸுக்குக் குடுக்கற நேரமுங்க." அன்று அவர் குரலில் மேடை இல்லை.

"நொம்ப பத்திரமா இருக்குதுங்க. எதுக்கும் காப்பி எடுத்து வெச்ச டிஸ்க்கயும் குடுங்க."

கொடுத்தார். செல்போனிலிருந்து மாற்றிவைத்த குரல் பதிவுகளும் அதில்தான் இருந்தன.

வெறுமனே அழித்தால் மீட்டெடுக்க வழி உண்டு. அதனால் இரண்டு டிஸ்க்குகளிலும் முழுக்கப் பூஜ்யங்களை எழுதவிட்டேன். அந்தக் கட்டளை மறுகேள்வி கேட்காது. லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த குணம் அது. உட்கார்ந்திருப்பவனுக்கு விஷயம் தெரியும் என்று நம்புகிறது. நேரம் பிடிக்கும் வேலை என்பதால் கவிதா சாப்பிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். பிறகு புது லினக்ஸ் போட்டுக் கொடுத்து, "பனி டிஸ்க்குக்குள்ள எறங்கிடுச்சுங்க" என்றேன்.

நம்பினார். இப்போது மெஷினைக் கம்பளியால் போர்த்தி வைத்திருக்கிறார். சங்கத்துக்கு வருவதில்லை. மறுபடி எழுத உட்காருகிறார். காளியாயியும் மாதையனும் போய்ச்சேர்ந்துவிட்டதால் கேட்க ஆளில்லை.

"நீங்க எழுதறவங்க. அவருகிட்ட உக்காந்து கொஞ்சம் ஒத்தாச பண்ணுங்க" என்றார் கவிதா. ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். ஒரு பெயரோ ஒரு சம்பவமோ நினைவுக்கு வராமல் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். அநேகமாக எனக்கு அது தெரிந்திருக்கும். சொல்வதில்லை. காபியைக் குடித்துவிட்டு, பிரிண்டரை ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன்.

தற்பெருமைப் புத்தகம் ஒன்றிலிருந்து தமிழ் வாசகர்களைக் காப்பாற்றியிருக்கிறேன். நன்றி எதிர்பார்க்கவில்லை. புத்தகத்தில் அவர் தன்னைப் பற்றிப் பேசியதெல்லாம் அந்த முன்னுரையோடு முடிந்துவிட்டது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

புத்தகம் நன்றாக இருந்தது.