சத்தம் போட்ட சின்ன ஃபேன்

கிருத்திகைக்குச் சிவன்மலை முருகனைக் கும்பிட வெள்ளகோவில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பனியன் டிசைன் போடுகிறவள் என்று பேச்சில் தெரிந்தது.

"கம்ப்யூட்டருக்குத் தையல் மிஷின் ஆயிலா ஊத்துன கண்ணு?" என்று பெரியவள் கேட்டாள்.

"ஆமாங்கக்கா. மதர்போர்டு மேல சின்ன ஃபேன் ஒண்ணு, கிர்ருனு ஒரே சத்தம். ஆயில் உட்டா அடங்கும்னு நெனச்சனுங்க. பக்கத்துல பனியன் கம்பெனிங்களா, ஊடு முச்சூடும் பஞ்சு. ஆயிலும் பஞ்சும் களி மாதிரி அப்பிக்கிச்சு. சத்தம் இன்னும் சாஸ்தியாயிருச்சுங்க."

"உங்கூட்டுக்காரரு?"

"நைட் ஷிஃப்ட் முடிச்சு பகல்ல தூங்கறவரு. 'ஊட்ல ஒண்ணு அந்தக் கம்ப்யூட்டர் இருக்கோணும், இல்லீன்னா நான் இருக்கோணும்'னுட்டாருங்க. அத வித்துப்போட்டா எம்பொழப்பு என்னாகறது?"

"அப்புறம்?"

"சத்தமில்லாத வேற ஃபேன் வாங்கியாந்து நானே மாத்துனனுங்க. சாமிய வேண்டிக்கிட்டு சுவிச்சப் போட்டா, ஓடுதான்னே தெரியலீங்க."

"அப்ப ரெண்டு பேரும் ஊட்லதான்னு சொல்லு."

"ஆமாங்கக்கா. ஆனா இப்பத்தான் அவரு கொறட்டையே கேக்குது. அதுக்கு எந்தக் கடையில ஃபேன் மாத்தறதுங்க?"

பெரியவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். அன்று முருகனிடம் அந்த வீட்டுக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.