நானூற்றுப் பதினேழாம் எண்

கடிதத்தில் முதலில் போட வேண்டியது தேதி. வலது பக்கம், மேல் மூலையில். கருங்குழிப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் பழகியது. இன்று நாற்பத்தாறு வயதாகிறது, மளிகைச் சீட்டு எழுதினாலும் தேதி போட்டுத்தான் எழுதுகிறேன். இந்த வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் கேட்டதும் அதனால்தான். உங்கள் ரைட்டர் நல்ல மனிதர். ஆனால் அவருக்குப் பத்தி பிரிக்கத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் ஹுசைன் ஐயா இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் திருவேங்கடம். மறைமலைநகரில் கார்களுக்குப் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையில், நிர்வாகப் பிரிவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். தபால் மேசை என்னுடையது. தாள் எதுவானாலும் என்னிடம் வந்து, வரவு முத்திரை வாங்கி, பதிவேட்டில் எண் ஏறி, அதற்கப்புறம்தான் பொது மேலாளர் ஜெபக்குமார் சாரின் மேசைக்குப் போகும். அவருக்கு யாரும் வாயால் சொன்னால் பிடிக்காது. மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்கப் பத்திரிகையும் கையுமாகப் போன வாட்ச்மேனையே, “பேச்சு வேணாம், பேப்பர்ல குடுங்க” என்று திருப்பி அனுப்பியவர்.

ஆகவே எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் கடிதம் தேவைப்பட்டது, எல்லோரும் என்னிடம் வந்தார்கள். மெமோ வாங்கியவன் பதில் எழுத என்னிடம்தான் வருவான். பெரும்பாலும் அந்த மெமோவை எழுதியதும் நானாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒரே அக்கறையோடு எழுதுவேன். அதில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

ராஜாராமுக்கும் அப்படித்தான். அவன் வேலைக்குச் சேர்ந்த விண்ணப்பமே நான் எழுதியது, பதினோரு வருஷத்துக்கு முன்னால். ஸ்டோர்ஸில் போட்டார்கள். காலையில் ராட்டினக்கிணறு நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறுவோம். மூன்றாவது வரிசை, ஜன்னல் அவனுக்கு, ஓரம் எனக்கு. பதினோரு வருஷமும் அதே சீட்டு. அவன் பெண்ணுக்கு நான்தான் பெயர் தேர்ந்து கொடுத்தேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் கம்பெனி பிக்னிக் மாமல்லபுரத்தில் நடந்தது. எல்லோரும் கடற்கரையில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நானும் ராஜாராமும் சவுக்குத் தோப்புக்குள் நிழலுக்காகப் போனோம். பேசிக்கொண்டே வந்தவன் பாதி வார்த்தையில் நின்றான். அப்படியே மணலில் விழுந்தான். கை கால் இழுத்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் நுரையைத் துண்டால் துடைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண் திறந்ததும் அவன் கேட்டது தண்ணீர் இல்லை.

“யாரும் பாக்கலியே அண்ணாத்த?”

“யாரும் இல்ல.”

“வூட்ல அவளுக்கு மட்டும்தான் தெரியும். மாத்திரை சாப்ட்டுகினுதான் கீறேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. நீ யாருக்கும் சொல்லக் கூடாது.”

சொல்ல மாட்டேன் என்றேன். கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் அவனுக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போனாலும் லீவு லெட்டரில் வைரல் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன்.

சென்ற ஜனவரியில் எங்கள் செக்‌ஷன் ஹெட் ஓய்வு பெற்றார். ஸ்டோர்ஸும் நிர்வாகமும் அவருக்குக் கீழ்தான். வரிசைப்படி அந்த நாற்காலி எனக்கு. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை ஜெபக்குமார் சார் ஆர்டரைக் கையால் எழுதி, டைப் அடிக்க என் மேசைக்கு அனுப்பினார். ராஜாராம் பெயர் இருந்தது. டைப் அடித்தேன். ஒரு பிழை இல்லை.

மத்தியானம் கேன்டீனில் பேக்கிங் பிரிவு சீனு என் எதிரில் தட்டோடு உட்கார்ந்தான். ஊர் வம்பெல்லாம் அவனிடம் கிடைக்கும்.

“இன்னா அண்ணாத்த, ஸ்வீட்டு எப்போ? ஓ, உனுக்கு இல்லியா? ராஜாராமுக்காமே.” அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னான். “நீதான அப்ளிகேஷன் எழுதி அவனை உள்ள இட்டாந்த. இப்ப அவனுக்கு ஆர்டரும் நீயே அடிக்கிற. நல்லாத்தான் கீது உன் பொழப்பு.”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“போன வாரம் ரெண்டு வாட்டி ஜி.எம். ரூமுக்குப் போனான், கதவைச் சாத்திகினு. கையில ஏதோ பேப்பர். வெளியில நான் நின்னுகினு இருந்தேன். உன் பேரு காதுல வுழுந்துச்சு. நல்லதா கெட்டதா, அது எனுக்குத் தெரியாதுப்பா.”

எனக்குத் தெரிந்தது. நம்மைப் பற்றி நல்லது பேசுகிறவன் கதவைச் சாத்த மாட்டான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவனைக் கேட்டேன். சத்தம் போடவில்லை, பக்கத்துச் சீட்டுக்காரரிடம் மணி கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

“உள்ள இன்னா பேசினே?”

“போஸ்டு நான் கேக்கவே இல்ல அண்ணாத்த. அவரா குடுத்தாரு. நம்பு.”

“என் பேரு எதுக்கு வந்துச்சு?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “அது ஒண்ணுமில்ல. முடியட்டும், அப்புறம் சொல்றேன்.”

பரனூர் டோல்கேட்டில் பஸ் நின்று கிளம்பியது. ஒரு மனிதனின் வாயை நம் துண்டால் துடைத்திருக்கிறோம், அவனுக்கு நம்மிடம் சொல்ல முடியாத பேச்சு ஒன்று உண்டு என்றால், அதற்கு என்ன பெயர் என்று அன்று இரவு யோசித்தேன். பெயர் கிடைத்தது. கிடைத்ததும் நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. செக்‌ஷன் ஹெட் ஆகிறவர் முதலில் மூன்று மாதம் உற்பத்தியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்க வேண்டும். ராஜாராமுக்குச் சூளைக் கொட்டகை விழுந்தது. பழுக்கக் காய்ச்சிய சக்கரங்களை எண்ணெய்த் தொட்டியில் இறக்குகிற இடம். சூப்பர்வைசர் மணிக்கு ஒரு தரம் தொட்டியின் மேல் மேடையில் ஏறிச் சூடு பார்த்து எழுத வேண்டும். கைப்பிடி இடுப்பு உயரம்தான்.

திங்கட்கிழமை காலை அவன் என் மேசைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“என்னால அங்க நிக்க முடியாது. உனுக்கே தெரியும். போஸ்டே வேணாம், ஸ்டோர்ஸ்லயே இருந்துக்கறேன்னு எழுதிக் குடு. வியாதியையும் எழுதிடு. மறைச்சது போதும்.”

“வேலை போயிடும்னு பயந்தியே.”

“போனா போவட்டும் அண்ணாத்த. உசுரு இருந்தா வேற வேலை.” பிறகு கொஞ்சம் சிரித்தான். “நீ நல்லா எழுதினா வேலையும் போவாது. இது மட்டும் முடியட்டும், உனுக்கு ஒரு நல்ல சேதி கீது.”

ஒரு விருந்தோ, ஒரு சட்டைத் துணியோ கொடுத்து என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

கடிதத்தை நன்றாகவே எழுதினேன். நான்கு பத்தி. வியாதி எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை, ஏன் மறைக்க நேர்ந்தது, இப்போது என்ன வேண்டுகிறேன். என் வாழ்நாளில் எழுதியவற்றில் சிறந்தது அது என்று இப்போதும் சொல்வேன். படித்துவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “என்னை நானே பாத்த மாரி கீது” என்றான். கையெழுத்துப் போட்டான். எழுதிப் பார்த்த வரைவுத் தாளை மடித்து, வீட்டில் காட்டுவதற்கென்று பையில் வைத்துக்கொண்டான்.

அவன் முன்னாலேயே முத்திரை குத்தினேன். பெப்ரவரி ஐந்து. எண் 417. பதிவேட்டில் ஏற்றினேன். அவன் போனதும் கடிதத்தை என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்தேன்.

ஒரு நாள் மட்டும் வைத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் அவனும் காத்திருக்கட்டும். நான் பத்தொன்பது வருஷம் காத்திருந்தவன். மறுநாள் ஜெபக்குமார் சார் சென்னை போயிருந்தார். அதற்கு மறுநாள் எடுத்துப் பார்த்தேன், முத்திரையில் ஐந்தாம் தேதி இருந்தது, அன்று ஏழு. இரண்டு நாள் தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள். என்மேல் இதுவரை ஒரு மெமோ கிடையாது. திரும்ப உள்ளே வைத்தேன். ஒவ்வொரு நாளும் அந்தத் தாமதம் ஒரு நாள் கூடியது. இது யாருக்கும் புரியும் என்று நினைக்கிறேன்.

ராஜாராம் தினமும் பஸ்ஸில் கேட்டான். மேலே போயிருக்கிறது என்றேன். வெள்ளிக்கிழமை, மறுவாரம் அவன் கொட்டகையில் சேர வேண்டிய நிலையில், பதில் வந்துவிட்டது என்று சொன்னேன்.

“இன்னா போட்டிருக்காரு?”

“ரெண்டே வார்த்தை. ‘பார்த்தேன். சேரவும்.’”

“வியாதியைப் படிச்சுமா?”

“படிச்சிட்டுத்தான்.”

“நேர்ல போய்க் கேக்கட்டா?”

“அவர்கிட்ட வாயால கேட்டு எவன் உருப்பட்டான்? மறைச்சதுக்கு நோட்டீஸ் குடுக்காம விட்டாரேன்னு சந்தோஷப்படு. போய்ச் சேரு. மாத்திரையை ஒழுங்கா சாப்டு. மூணு மாசம்தான்.”

அவன் வெகுநேரம் என்னைப் பார்த்தான். சந்தேகமாக இல்லை. சந்தேகப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நீ சொன்னா சரி அண்ணாத்த” என்றான்.

இருபத்திரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டாயா என்று தினமும் காலையில் நான்தான் கேட்பேன். அக்கறையோடுதான் கேட்டேன். இருபத்து மூன்றாம் நாள், காலை பதினொன்றேகால் மணிக்கு அபாயச் சங்கு ஊதியது. நான் உறைகளுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த உறையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். தொட்டியைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. உங்களிடம் படங்கள் இருக்கின்றன.

இரங்கல் அறிவிப்பை நான்தான் எழுதினேன். நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். பத்து நாள் கழித்து நாற்காலிக்கான பொறுப்பு ஆர்டர் என் பெயரில் வந்தது. அதையும் நானே டைப் அடித்துக்கொண்டேன்.

காரியம் முடிந்த மறுவாரம் அவன் மனைவி தமிழ்ச்செல்வி கம்பெனிக்கு வந்தது. ஜெபக்குமார் சார், தனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை, வியாதி என்று தெரிந்திருந்தால் மேடையில் ஏற்றியிருக்கவே மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். தமிழ்ச்செல்வி நேராக என் மேசைக்கு வந்து, அவன் மாத்திரை டப்பாவைத் திறந்து, நான்காக மடித்த வரைவுத் தாளை எடுத்து என் முன்னால் விரித்தது.

“உங்க கையெழுத்துதான் அண்ணா. நீங்க எழுதினதுன்னு தெனமும் எடுத்துப் படிப்பாரு. எங்க மாட்டிகிச்சுன்னு நீங்களே தேடிப் பாருங்க. உங்களை வுட்டா எனக்கு யாரைத் தெரியும்?”

தேடுகிறேன் என்றேன். தேடுவதுபோல இரண்டு நாள் கழிந்தது. மூன்றாம் நாள் தமிழ்ச்செல்வி உங்களிடம் வந்தது.

நீங்கள் பதிவேட்டைப் புரட்டி 417-இல் விரலை வைத்தீர்கள். அனுப்பிய தேதிக் கட்டம் காலியாக இருந்தது. அதில் ஒரு தேதியை நான் எழுதியிருக்கலாம், பேனா கையில்தான் இருந்தது. கடிதத்தைக் கிழித்தும் போட்டிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று கேட்டீர்கள். முத்திரை வாங்கிய தாளை எப்படி ஐயா கிழிப்பது? பதிவேட்டில் பொய்த் தேதியை எப்படி எழுதுவது? நான் அந்த மாதிரி ஆள் இல்லை. நீங்கள் கேட்டதும் இழுப்பறையை நானே திறந்து கொடுத்தேன்.

ராஜாராமைத் தெரிந்தே சாகவிட்டேன். விழுவான் என்று தெரியும். எங்கே விழுவான் என்றும் தெரியும். எழுத்தில் வேண்டும் என்றீர்கள், எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. நேற்று நீங்கள் ஜெபக்குமார் சாரின் சொந்தக் கோப்பிலிருந்து ஒரு தாளைக் காட்டினீர்கள். ராஜாராமின் கோணல் எழுத்து. எனக்குத் தெரியாமல் அவன் எழுதிய ஒரே கடிதம். கதவைச் சாத்திக்கொண்டு கையில் கொண்டுபோய்க் கொடுத்தது அதுதான் என்றீர்கள். “சார், என்னைப் போட வேணாம். திருவேங்கடம் அண்ணனுக்குத்தான் அந்த சீட்டு. நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாம், சங்கடப்படுவாரு” என்று இருந்தது. ஓரத்தில் ஜெபக்குமார் சாரின் பச்சை மை: “ஆர்டருக்குப் பிறகும் ராஜாராம் முறைப்படி எழுத்தில் மறுத்தால், அடுத்து திருவேங்கடம்.” அந்த மறுப்புதான் 417 என்று விளக்கினீர்கள். நான் பூட்டி வைத்தது என் நாற்காலியைத்தான் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

நான் அதை இரண்டு முறை படித்தேன். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவன், என்னைப் பற்றி ஒரு கடிதம் எழுதிவிட்டு என்னிடமே மறைத்திருக்கிறான். மனது இன்னும் ஆறவில்லை. தவிர, அந்தத் தாளில் தேதி இல்லை. முத்திரை இல்லை, எண் இல்லை, பதிவேட்டில் ஏறவும் இல்லை. முறைப்படி பார்த்தால், ஐயா, அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை.