வலது கையின் நாலு விரல்

—வலது கைய மேல எடுங்கண்ணே. மேசைக்கு அடியில வச்சுக்கிட்டா மெஷின் எப்படி ரேகை எடுக்கும்?

—கொஞ்சம் பொறு தங்கச்சி. ஜெபம் பண்ணிக்கிறேன்.

—தாராளமாப் பண்ணுங்க. தங்கசாமி அண்ணன் என்னைக்கு ஜெபம் பண்ணாம ஒண்ணத் தொட்டிருக்கீங்க? சுருக்கா முடிங்க, வெளிய கூட்டம் நிக்கிது.

—ஜெயசுதா, நீ இங்க வேல பாக்கறேன்னு எனக்குத் தெரியாது பாரு.

—தெரிஞ்சா வந்திருப்பீங்களாக்கும்! ஜெயங்கொண்டத்துலயே ஆதார் எடுக்கறாங்க. அத வுட்டுட்டு மீன்சுருட்டியிலேர்ந்து பஸ் மாறி மாறி செந்துறைக்கு வந்திருக்கீங்களே, எதுக்கு? சபை சனம் யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னுதான?

—ஆமா. உங்கிட்ட என்ன பொய் சொல்ல.

—ஏம்மா பொண்ணே, காலையில டோக்கன் வாங்கினவ நானு. வெலாசம் மாத்த எம்புட்டு நேரந்தான் ஆவும்?

—கொளஞ்சி ஆயா, இவரு முடிஞ்சதும் நீங்கதான். அந்த பெஞ்சுல ஒக்காருங்க. நீங்க சொல்லுங்கண்ணே, எடுக்கலாமா வேணாமா? நான் வற்புறுத்தல.

—வேற வழியே இல்லியா தங்கச்சி? இந்த நம்பரு இல்லாம லைசென்ஸப் புதுப்பிக்க முடியாதா?

—பிரவுசிங் சென்டர்ல போயிக் கேட்டீங்கள்ல, கம்ப்யூட்டர் என்ன சொல்லுச்சு?

—ஆதார் நம்பரப் போடுன்னுச்சு. எங்கிட்ட இல்லன்னேன். அப்ப எடுத்துட்டு வாங்க பெரியவரேன்னு அந்தத் தம்பி அனுப்பிட்டான்.

—பாத்தீங்களா! கம்ப்யூட்டரே கேக்குது. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?

—மீசை மொளச்ச நாள்லேர்ந்து லாரி ஓட்டறவன் நானு. சுண்ணாம்புக்கல்லு ஏத்திட்டுப் போயி சிமெண்டு பேக்டரில கொட்டணும், அதத் தவிர வேற தொழில் தெரியாது. லைசென்ஸ் காலாவதி ஆயிப்போச்சு, இனிமே சாவி கெடையாதுன்னுட்டாரு மொதலாளி. நாளைக்குள்ள ஏற்பாடு பண்ணுன ரசீதக் காட்டலன்னா வேற ஆளப் போட்டுருவாரு. வூட்ல அடுப்பு எரியணும்ல?

—எரியணும்ண்ணே. எரிய வேணாம்னு யாரு சொன்னா?

—ஆதார் கேட்டாங்கன்னு ரேசன் அரிசியே வேணாம்னு வுட்டவன் பாரு நானு. அந்த நம்பரு வேதத்துல கடைசிக் காலத்துக்குச் சொல்லியிருக்கற மிருகத்தோட முத்திரை, வலது கையிலயும் நெத்தியிலயும் வுழுற முத்திரை, வாங்கினவனுக்கு ரட்சிப்பு கெடையாதுன்னு வரதராஜன்பேட்டை வரைக்கும் வூடு வூடாப் போயிச் சொன்னவன். இன்னைக்கு நானே...

—எனக்குத் தெரியாதா? நானும் முன் வரிசையில ஒக்காந்து சத்தமா ஆமென் சொன்னவதான். சரி, வலது கை அப்பறம், மொதல்ல இடது கை. நாலு விரலையும் கண்ணாடி மேல வைங்க. இன்னும் கொஞ்சம் அமுக்குங்க... ம், வந்துருச்சு.

—யாரு சாமி இவரு, கைய வைக்க இப்படிப் பயப்படறாரு? சூடா வைக்கப் போறாங்க?

—லாரி டிரைவரு ஆயா. லைசென்ஸ் புதுப்பிக்கணுமாம்.

—அட, எங்கூரு நடராசன் மவனுக்கும் இதே கததான். அவங்கிட்டயும் ஆதாரு இல்ல. அப்பறம் என்னா பண்ணுனான், நேரா வண்டி ஆபீசுக்கே...

—ஆயா! கொஞ்சம் வெளிய போயி ஒக்காருங்க. பக்கத்துல பேச்சுச் சத்தம் இருந்தா மெஷின் நின்னு நின்னு போவுது.

—இது என்னடி அதிசயமா இருக்கு, வெரலு எடுக்கற மெஷினுக்குக் காது வேற இருக்கா?

—இருக்கு. போங்க. கதவையும் சாத்திட்டுப் போங்க.

—என்னமோ சொல்ல வந்துச்சே அந்தம்மா?

—அதுக்குப் பொழுதன்னைக்கும் ஊர்க்கததான். வுடுங்க. வலது கைய வைங்கண்ணே.

—தங்கச்சி... முத்துவேலு காரியத்த நீ இன்னும் மனசுல வச்சிருக்கியா?

—பரவால்லியே, எம் புருசன் பேரு உங்க வாயில வருதே! அன்னைக்கு சபையில எந்திரிச்சு நின்னு, அந்த மனுசன் பேர இனி ஒருத்தரும் சொல்லக்கூடாதுன்னீங்க.

—அது சபையோட சட்டம். சபைக்கு மூப்பருன்னு என்னைய வச்சிருக்காங்க, நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும்?

—நான் ஒண்ணும் கேக்கலியே. கைய வைங்க.

—வச்சிட்டேன்.

—வுழல. கல்லு அள்ளித் தேஞ்ச கை பாருங்க, ரேகையே இல்ல. நான் மேல வச்சு அமுக்கட்டுமா?

—ஐயோ, நீ தொடாத.

—ஏண்ணே? சபையில வலது கை குடுத்துத்தான ஸ்தோத்திரம் சொல்லுவோம்? எங்க ரெண்டு பேரையும் வெளிய தள்ளுன அன்னையிலேர்ந்து ஒருத்தரு கை குடுக்கல எனக்கு. நம்ம சபைக்காரரு கடைக்குப் போனா மீதிச் சில்லறையப் பலகையில வச்சுத் தள்ளுவாரு, எங் கையில போட மாட்டாரு. நீங்க மட்டும் இன்னைக்குக் குடுங்க. குடுங்கண்ணேங்கறேன்!

—வலிக்கிது தங்கச்சி.

—இதுக்கேவா? அந்த மனுசனுக்கு ஊசி குத்திக் குத்திக் கை முழுக்கக் கன்னிப்போயி கெடந்துச்சு. ரெண்டு கிட்னியும் போயிருச்சு. ரத்தம் சுத்தம் பண்ணணும்னா காப்பீட்டு அட்டை வேணும், அட்டைக்கு ஆதார் எடுத்துட்டு வாங்கன்னாங்க ஆஸ்பத்திரில. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நான் செத்தாலும் பரவால்ல சுதா, சபைய வுட்டுப் போவ மாட்டேன்னாரு. நாந்தான் இதே மாதிரி அவரு கையப் புடிச்சு மெஷின்ல வச்சு அமுக்கினேன். ஏன், புருசன் உசுரோட இருக்கணும்னு நெனச்சது தப்பா?

—தப்புன்னு நான் சொல்லல...

—சொன்னீங்க. கடைசி ஞாயித்துக்கிழமை அந்த மனுசன் என்ன கேட்டாரு? மருந்து கேட்டாரா, டாக்டரக் கேட்டாரா? சபையில பிட்டுக் குடுக்கற அப்பத்துல ஒரு துண்டு கேட்டாரு. ஆள் வுட்டேன். வந்தீங்க. எங்க வூட்டு கேட்டுக்கு வெளியவே நின்னுட்டீங்க, உள்ள ஒரு கால் வைக்கல. நான் ஓடியாந்து கால்ல வுழுந்தேன். வேற வழியே இல்லாம வச்ச கைண்ணே, மன்னிச்சு ஒரு துண்டு குடுங்கண்ணேன்னு கெஞ்சினேன். என்ன சொன்னீங்க?

—அதெல்லாம் இப்ப எதுக்கு?

—சொல்லுங்க. சொன்னாத்தான் கைய எடுப்பேன்.

—வேற வழி இல்லன்னு சொல்றவன் ஆண்டவர நம்பாதவன்னேன். மெஷின்ல வச்ச கையில அப்பத்த வைக்க மாட்டேன்னேன்.

—வாயத் தொறந்தபடியே கெடந்தாரு அந்த மனுசன். உங்க பதில உள்ள போயி எப்படிச் சொல்லுவேன்? வர்றாங்க, வர்றாங்கன்னே பொய் சொல்லிக்கிட்டிருந்தேன். உசுரு போன பொறவு சபைக் கல்லறைத் தோட்டத்துலயும் எடம் இல்லன்னுட்டீங்க. எங்க முந்திரிக் கொல்லை ஓரத்துல, தூக்கறதுக்குச் சபையாளு ஒருத்தரு இல்லாம, கூலிக்கு ஆள் வச்சுப் பொதைச்சேன். ம், வலது கை வுழுந்துருச்சு. நாலு வெரலும் பளிச்சுனு வந்திருக்கு, பாருங்க.

—நான் பாக்கல.

—பாருங்கண்ணே. நல்லா இருக்கு. சரி, ரெண்டு கட்டை வெரலு... ஆங். இப்ப இந்தக் கண்ணாடிக்குள்ள பாருங்க, கண்ணு எடுக்கணும். முடிய ஒதுக்கி வுடுங்க, போட்டோவுல நெத்தி நல்லாத் தெரியணும்.

—நெத்தி வேற சொல்லிச் சொல்லிக் காட்டறியே. பழி வாங்கறியா ஜெயசுதா?

—பழியா? நான் வேல பாக்கறேன். அவரு போனப்பறம் இந்த வேலைய ஏன் கத்துக்கிட்டேன்னு நெனச்சீங்க? தெனமும் எத்தனையோ பேரு கையத் தொடறேன். ஒவ்வொரு கையத் தொடறப்பயும் நெனப்பேன், ஒருநா அந்தக் கையும் வரும்னு. வந்துருச்சு. ஆண்டவரு இருக்காருண்ணே.

—நீ யாருகிட்டயும் சொல்லிராத. உன் கால்ல வேணா வுழறேன்.

—எழுந்திரிங்கண்ணே, கேமராவுல வுழ மாட்டேங்கறீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை சபையில அப்பம் யாரு குடுக்கறது?

—நாந்தான்.

—இந்தக் கையாலயா?

—இல்ல தங்கச்சி. யோசிச்சுட்டேன், மறைக்க மாட்டேன். நீ சொல்லி வெளிய வர்றதுக்கு முந்தி நானே எல்லாரு முன்னாலயும் எந்திரிச்சுச் சொல்லிருவேன். அழுது சொல்லுவேன். வேற வழியே இல்ல, வயித்துப் பொழப்புக்காக வச்சேன், நம்பரு இல்லாம லைசென்ஸ் இல்லன்னுட்டாங்கன்னு சொல்லுவேன். சபை என்னையத் தள்ளாது.

—தள்ள மாட்டாங்களா?

—நம்ம சனந்தான? வேற வழி இல்லாதவனப் போயித் தள்ளுவாங்களா? எல்லாரு வூட்லயும் கஷ்டம் இருக்கு, புரிஞ்சுக்குவாங்க.

—முத்துவேலுக்குப் புரிஞ்சுக்கலியே.

—அது... அது அப்ப. அத வுடு. எல்லாம் எடுத்தாச்சுல்ல? வேலைய முடி.

—அனுப்பிரட்டுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பொத்தான அமுக்கிட்டா உங்க கையும் கண்ணும் போயிருச்சு, திருப்பி வாங்க முடியாது.

—வேற வழி இல்ல. அமுக்கு.

—நீங்களே சொல்லுங்க, அமுக்குன்னு.

—அமுக்கு தாயி. அதான் சொல்றேன்ல.

—போயிருச்சு. இந்தாங்க ரசீது. பத்திரமா வச்சுக்குங்க.

—ஸ்தோத்திரம். அப்ப லைசென்ஸ் எனக்கு வந்துரும்ல?

—வரும்ண்ணே. இது இல்லாமலும் வந்திருக்கும். பழைய லைசென்ஸையும் ஓட்டர் கார்டையும் எடுத்துக்கிட்டு நேரா அரியலூர் வண்டி ஆபீசுக்குப் போயி, எங்கிட்ட ஆதார் இல்லன்னு சொல்லியிருந்தாப் போதும், அத வச்சே புதுப்பிச்சுக் குடுத்திருப்பாங்க. கொளஞ்சி ஆயா அதத்தான் சொல்ல வந்துச்சு, நாந்தான் வெளிய தொரத்துனேன். ஞாயித்துக்கிழமை சபை கேட்டுக்கு வெளிய வந்து நிப்பேன். எல்லாத்தையும் அழுது சொல்லுங்க, வேற வழி இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க.