நிரூபனின் பெயருக்கு முன்னால்

— வாசிச்சுக் காட்டு சுஜீ, கெதியா. பிரேக் முடிய இன்னும் இருவது நிமிசந்தான் கிடக்கு.

— அம்மா செத்துக் கிடக்கிறா, இண்டைக்கும் வேலையோ அண்ணா? ஒரு நாள் லீவு எடுக்கேலாதோ?

— கோழி வெட்டுற ஃபாக்டரியில கஷுவல் வேலைக்காரனுக்கு ஏதடி லீவு? இண்டைக்கு வராமல் விட்டா நாளைக்கு என்ர இடத்தில வேற ஒருத்தன் கத்தியோட நிப்பான். நான் வெளியில கார் பார்க்கிலதான் நிக்கிறன். நீ வாசி.

— சரி, கேளுங்கோ. ‘கிளிநொச்சி திருவையாறைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட அன்னம்மா கதிரவேலு அவர்கள் நேற்று ஞாயிற்றுக்கிழமை இறைவனடி சேர்ந்தார். அன்னார், காலஞ்சென்ற கதிரவேலுவின் அன்பு மனைவியும், சுதர்சன்...’ உங்கட பேருக்குப் பக்கத்தில அடைப்புக்குறி போட்டு அவுஸ்திரேலியா. பிறகு, ‘நிரூபன், சுஜீவா ஆகியோரின் பாசமிகு தாயாரும் ஆவார்.’

— அவுஸ்திரேலியாவை வெட்டு.

— ஏன்? வெளியில இருக்கிற பிள்ளையளுக்கு நாட்டின்ர பேர் போடுறதுதானே முறை.

— இந்த நாடு என்னைத் தன்ர ஆளெண்டு ஒருநாளும் சொல்லேல்லை, நான் ஏன் சொல்லுவான்? அகதிக் கேசெண்டு பதின்மூண்டு வருஷமா தற்காலிகமா ஒரு பிரிட்ஜிங் விசா. அம்மான்ர முகத்தைப் பாக்கப் பிளேன் ஏறினா இங்க திரும்பி வரேலாது. அங்க வந்து இறங்கினா என்ன நடக்குமெண்டு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. வேணுமெண்டா நோபல் பார்க் எண்டு போடு. அங்கதான் வாடகை கட்டுறன்.

— பகிடி விடாதேங்கோ அண்ணா. எனக்கு அழுகைதான் வருது.

— நாளைக்குக் கிரியை நேரம் ஆரிட்டயாவது போனைக் குடுத்து அம்மான்ர தலைமாட்டில பிடிக்கச் சொல்லு. கொள்ளி வைக்க வேண்டியவன் நான். படத்திலயாவது பாக்கிறன்.

— உங்கட மருமகன் பிடிப்பான். அண்ணா, வெப்சைற்காரர் அம்மான்ர பிறந்த திகதியும் கேக்கினம். அடையாள அட்டை றங்குப்பெட்டிக்குள்ள கிடக்கு. அம்மா இருக்கும் வரைக்கும் அந்தப் பெட்டியை என்னைத் தொட விடேல்லை. திறக்கவே ஒரு மாதிரிக் கிடக்கு.

— பிறகு திற. முதல் ஒரு இடத்தில மாத்த வேணும். நிரூபன்ர பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடு.

— என்ன?

— கேட்டதுதானே.

— உங்களுக்கு விசரே? காணாமல் போன பிள்ளையளின்ர தாய்மாரோட எட்டு வருஷம் ரோட்டோரக் கொட்டிலுக்குள்ள கிடந்தவ அம்மா. சின்னண்ணான்ர படத்தை நெஞ்சில வைச்சுக்கொண்டு வெயிலிலயும் இருந்தவ, மழையிலயும் இருந்தவ. மரணச் சான்றிதழ் எழுதித் தாறம், காசு தாறம் எண்டு வந்தவங்களைத் திட்டிக் கலைச்சவ. வைகாசி பிறந்தா தனியக் கீரிமலைக்குப் போய் முழுகிப்போட்டு வருவா, கேட்டா அவன் திரும்பி வாறதுக்கு நேர்த்தி எண்டுவா. அவவின்ர சாவு அறிவித்தலிலயே அவனைச் சாகடிக்கச் சொல்லுறியளோ?

— சுஜீ, கொஞ்சம் பொறு...

— ஏன் இப்ப? ஆர் சொல்லித் தந்தது? லோயரோ?

— ஓம், லோயரும் சொன்னவ. கடைசியா ஒரு மனு போடுறம். குடும்பமே ஊரறிய அவன் செத்திட்டானெண்டு அறிவிச்சிருந்தா அதை வைச்சுக் கதைக்கலாமாம்.

— தூ! ஒரு விசாவுக்காகக் கூடப்பிறந்தவனைப் பாடையில ஏத்துறியளே, நீங்களும் ஒரு மனிசனோ? அம்மா இன்னும் வீட்டுக்குள்ளதான் கிடக்கிறா.

— பேசு. நல்லாப் பேசு. பேசி முடிய நான் சொல்லுறதையும் கேள். அவனை என்ர கையாலதான் புதைச்சனான்.

— ஆரை?

— நிரூவை. கடைசிச் சண்டையில நீயும் அம்மாவும் முதலே ஆமிப் பக்கம் கடந்து போட்டியள். நாங்கள் ரெண்டு பேரும் பின்னால அம்பிட்டுப் போனம். வைகாசி ஒன்பது, காலம. கஞ்சி வாங்க லைனில நிண்டவன். ஷெல் விழுந்தது. நானும் பக்கத்துப் பங்கரில இருந்த விக்னராஜா அண்ணையும் அவனைத் தூக்கி வந்து, நாங்கள் படுத்த பங்கருக்குள்ளயே வைச்சு மண்ணைத் தள்ளினம். என்ர சாரத்தாலதான் சுத்தினது. வேற ஒண்டும் இருக்கேல்லை, பிள்ளை.

— சனத்துக்குள்ள தவறிப்போனான் எண்டெல்லோ சொன்னனீங்கள்?

— முகாமில அம்மா முள்ளுக்கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. என்னைக் கண்டதும் முதல் கேள்வி, சின்னவன் எங்க? எனக்கு வாய் வரேல்லை. தவறிப்போனான், வந்திடுவானெண்டு சொல்லிப்போட்டன். ஒருக்காச் சொன்னதைப் பிறகு ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டி வந்திட்டுது. விக்னராஜா அண்ணையிட்டயும் சத்தியம் வாங்கினனான்.

— கடவுளே! போன கிழமையும் போனில ‘நிரூ வருவானம்மா, நீங்கள் சாப்பிடுங்கோ’ எண்டனீங்களே. நான் பக்கத்திலதான் நிண்டனான்.

— அந்த நம்பிக்கையிலதானே மனிசி ரெண்டு வாய் சோறு திண்டது.

— அப்ப அங்க என்ன சொன்னனீங்கள், உங்கட கேசில?

— உண்மையைத்தான். பெத்த தாயிட்டச் சொல்லாததை, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு வெள்ளைக்காரனுக்குச் சொன்னனான். மொழிபெயர்க்க வந்த பிள்ளை அழுதிட்டுது. அவன் அழேல்லை. பேப்பர் இருக்கோ, சாட்சி இருக்கோ எண்டு கேட்டான். பதினெட்டாம் ஆண்டு மறுத்துக் கடிதம் வந்தது. அம்மா கொட்டிலில இருக்கிற படம் ஒரு இங்கிலீஷ் பேப்பரில வந்ததெல்லோ, அதை வெட்டி ஃபைலில வைச்சிருக்கிறாங்கள். தாய் சொல்லுறா மகன் உயிரோட இருக்கிறானெண்டு, நீ சொல்லுறாய் நீயே புதைச்சனியெண்டு, ஆனபடியா உன்னை நம்பேலாது. அவ்வளவுதான்.

— ஐயோ அண்ணா... அப்பவே அம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருந்தா எனக்கு விசா கிடைச்சிருக்கும். அம்மா அண்டைக்கே செத்திருப்பா.

— விக்னராஜா அண்ணையைப் பிடிச்சிருக்கலாமே?

— லோயர் கேட்டதும் அதுதான், அவரிட்ட இருந்து ஒரேயொரு சத்தியக் கடதாசி. நான் தேடேக்கை ஆள் புற்றுநோயில போய் ஒரு வருஷம். பிறகு ஆரிட்டப் போய் நிக்கிறது?

— நான் போடுறன் அண்ணா. காலஞ்சென்ற எண்டு இப்பவே எழுதுறன். ஏசினதை மனசில வைச்சிருக்காதேங்கோ.

— வேண்டாம்.

— என்ன வேண்டாம்?

— அப்பிடியே விடு. உனக்குச் சொல்லிப்போட்டன், பாரம் கொஞ்சம் இறங்கீட்டுது. அவன் இருக்கிறானெண்டுதான் அம்மா கண்ணை மூடினவ. அவவின்ர அறிவித்தலிலயாவது ரெண்டு மகனோடயும் போகட்டும்.

— அப்ப உங்கட மனு?

— அவங்கள் என்னைத் திருப்பி அனுப்பினா அனுப்பட்டும். நீ பிறந்த திகதியைப் பார், பெல் அடிக்கப் போறாங்கள்.

— போனை வைச்சிடாதேங்கோ. சாவி சாமித்தட்டிலதான்... ஆ, திறந்திட்டுது. கூறைச்சேலை. அப்பான்ர மணிக்கூடு. உங்கட படமும் கிடக்கு, கோட்டுப் போட்டுக்கொண்டு.

— அது இரவல் கோட்டு.

— அடையாள அட்டை இருக்கு. ஐம்பத்தி மூண்டு, ஆவணி பதினாலு.

— சரி, அதைப் போட்டு அனுப்பிவிடு. நான் வேலை முடிய எடுக்கிறன்.

— நில்லுங்கோ. கூறைக்குக் கீழ ஒரு என்வலப் கிடக்கு.

— காணி உறுதியாயிருக்கும்.

— இல்லை அண்ணா. மரணச் சான்றிதழ். கதிரவேலு நிரூபன்.

— என்ன சொல்லுறாய்?

— இறந்த திகதி வைகாசி ஒன்பது. பின்னால ஒரு சத்தியக் கடதாசியும் குத்தியிருக்கு. ‘அன்னாரின் உடலை நானே அடக்கம் செய்தேன்.’ உங்கட பேர் ஒரு இடத்திலயும் இல்லை. கீழ விக்னராஜா அண்ணையின்ர கையெழுத்து.

— எப்ப எடுத்தது? சுஜீ, வருஷத்தைப் பார்.

— ரெண்டாயிரத்துப் பதினாறு.

— கொட்டிலுக்குப் போக முதலே... எல்லாம் தெரிஞ்சுகொண்டோ? என்னை மறுத்தது பதினெட்டில. எனக்கு வேண்டிய கடதாசி அந்தப் பெட்டிக்குள்ளயே கிடந்திருக்கு. ஏன் மறைச்சவ? ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?

— என்வலப்பில எழுதியிருக்கு. அம்மான்ர கையெழுத்து.

— வாசி.

— ‘சுஜீவா, இதைப் பெரியவனுக்குக் காட்டிப் போடாதை. தம்பி வருவானெண்ட நம்பிக்கையிலதான் அவன் அங்க தனியச் சீவிக்கிறான்.’