பேரைச் சொன்னால் புழு வருமா

"ஏலே சொரிமுத்து, நீதானலே அது பேரை வாய்விட்டுச் சொன்ன?"

"நானாவா சொன்னேன் அண்ணாச்சி? வாத்தியாரு சொல்லச் சொன்னாரு, சொன்னேன்."

"அவரு பாளையங்கோட்டைக்காரரு. சொல்லிட்டு வண்டியேறிப் போயிருவாரு. நாத்து நமக்குல்லா போச்சு. இனி ஒனக்கு மடைத்தண்ணி கிடையாது, பாத்துக்க."

வரப்பில் நின்று, ஊருக்கு மடை திறந்துவிடும் பலவேசமும் சொரிமுத்துவும் போட்ட இந்தச் சண்டையை நான் வாய்க்கால் கரையில் நின்று கேட்டேன். அந்த வாத்தியார் நான்தான். பெயர் தேவசிகாமணி. கோடை விடுமுறையில் படங்களையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவேன். பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பற்றி இலவசமாகப் பாடம் சொல்லுவேன்.

அந்த ஊரில் ஒரு பழக்கம் இருந்தது. நாற்றைத் தின்னும் படைப்புழுவின் பேரை யாரும் சொல்ல மாட்டார்கள். "அது" என்று மட்டும் சொல்வார்கள். பேரைச் சொன்னால், கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம். நான் படத்தை விரித்து "இது படைப்புழு" என்றதும் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சொரிமுத்துவின் மனைவி இசக்கியம்மா எழுந்தே விட்டாள்.

"கும்பிடுதேன் வாத்தியாரையா, பாம்பைப் பத்திக்கூட பேசுங்க. இத மட்டும் சொல்லாதீங்க."

பேரைச் சொல்லாமல் எப்படிப் பாடம் நடத்துவது? மறுநாள் கூட்டம் பாதியாகிவிட்டது. சொரிமுத்து மட்டும் தைரியமாக முன்வரிசையில் உட்கார்ந்தான். அவனை எழுப்பி, எல்லோரும் கேட்க "படைப்புழு, படைப்புழு" என்று சொல்ல வைத்தேன். நல்ல மாணவன். ஒரு வாத்தியாருக்கு அப்படி ஒருவன் கிடைத்தால் போதும்.

அப்புறம் புழு வரவில்லை. வராததை யாரும் கவனிக்கவும் இல்லை. இதில்தான் எனக்குச் சிக்கல். புழு பேரால் வராது, முட்டையால்தான் வரும் என்பது என் பாடம். அதைக் காட்டுவதற்கு முட்டை வேண்டும்.

முட்டை என்னிடம் இருந்தது. என் மனைவி ஜெபகனியின் ஊறுகாய் ஜாடிகளில் அந்தப் புழுக்களைத்தான் வளர்த்து வந்தேன். "ஒங்க பிள்ளைகளுக்குப் புல்லு தீந்துட்டு, போயி அறுத்துட்டு வாங்க" என்று அவள் என்னை விரட்டுவாள். புழுக்கள் அந்துப்பூச்சிகளாகி, பழுப்பு மயிர் மூடிய முட்டைக் குவியல்களை இட்டிருந்தன. பார்க்க அழகாக இருக்கும். ஊர் கஞ்சி குடிக்கப் போயிருந்த மத்தியானத்தில் அவற்றைக் கொண்டுபோய் நாற்றங்கால்களில் வைத்தேன். சொரிமுத்துவின் நாற்றங்காலில் கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். முன்வரிசை மாணவனுக்கு அந்தச் சலுகை உண்டு.

பலன் திருப்தியாக இருந்தது. ஆடு மேய்ந்ததுபோல எல்லா நாற்றங்காலும் மொட்டையானது. அடுத்த பாடத்துக்கு ஊரே திரண்டு வந்தது. ஆனால் யாரும் படத்தைப் பார்க்கவில்லை. சொரிமுத்துவைப் பார்த்தார்கள். புழுவைக் கூப்பிட்டவன் அவன்தான் என்று முடிவாயிற்று. மடைத்தண்ணீர் கிடையாது, மறுபடி நாற்றுப் பாவ விதைநெல்லும் யாரும் தரக் கூடாது.

அன்று சாயங்காலம் அவன் என்னிடம் வந்தான்.

"வாத்தியாரையா, நெசமாவே நான் கூப்பிட்டுத்தான் வந்துச்சா?"

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனுக்குத் தண்ணீரும் விதையும் கிடைத்திருக்கும். ஆனால் விடையை வாத்தியாரே சொல்லிவிட்டால் மாணவன் யோசிக்கப் பழக மாட்டான். "நீயே யோசித்துப் பார்" என்றேன்.

அவன் யோசித்தான். கூப்பிட்டது தான்தான் என்று முடிவுக்கு வந்தான். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, இசக்கியம்மாவோடு தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு வழியாக மலைத்தோட்டத்துக்குத் தேயிலை பறிக்கப் போனான். புறப்படும்போது, "அங்கன போயி நான் வாயே தொறக்க மாட்டேன்யா" என்று எனக்கு உறுதி சொன்னான். இசக்கியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது அந்த ஊரில், வாத்தியார் வந்தால் புழு வரும் என்று பேசிக்கொள்கிறார்களாம். படித்தவர்களான நீங்கள் இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு ஆளுக்கும் புழுவுக்கும் என்ன சம்பந்தம்? இந்த மூடநம்பிக்கையை ஒரே ஊரில் பாடம் நடத்தி ஒழித்துவிட முடியாது.

ஜாடிகள் நிறைந்திருக்கின்றன. உங்கள் ஊரில் இதுவரை புழு விழாத நாற்றங்கால் இருந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு கார்டு போடுங்கள். முன்வரிசையில் உட்காரக்கூடிய ஒருவரின் பேரையும் அதில் எழுதுங்கள்.