சுடலைவடிவு வாபஸ் வாங்கிய வழக்கு

நம்ம வழக்கை வாபஸ் வாங்குற தீர்மானத்துக்குக் கை தூக்குறதுக்கு முன்னாடி, சின்னதா ஒரு கதை சொல்றேன். கேட்டுட்டுத் தூக்குங்க.

தெற்கே ஒரு ஊர். பேர் வேண்டாம். அங்கே காய்கறிச் சந்தையில வாழையிலை விக்கிறவங்க சுடலைவடிவு. அந்தச் சந்தையில பெண்களுக்குன்னு நகராட்சி ஒரு கழிப்பறை கட்டுச்சு. நல்லாத்தான் கட்டுச்சு. கட்டி... பூட்டிப் போட்டுச்சு.

ஏன்? திறப்பு விழாவுக்குப் பெரிய மனுஷர் தேதி கொடுக்கலையாம்! கழிப்பறைக்கு ரிப்பன் வெட்ட ஆள் தேடினாங்க, ஐயா! அதுவரைக்கும் சந்தைப் பெண்கள் எங்கே போவாங்க? ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், முள்ளுக்காட்டுக்கு. ரெண்டு ரெண்டு பேரா. ஒருத்தி போக, இன்னொருத்தி காவல் நிக்க.

சுடலைவடிவு கேட்டுப் பார்த்தாங்க. நடக்கல. உயர் நீதிமன்றத்துல மனுப் போட்டாங்க. "கதவைத் திறக்கச் சொல்லுங்க." அவ்வளவுதான் மனு. நோட்டீஸ் போச்சு. ஒருநாள் காலையில பார்த்தா... பூட்டைக் காணோம். ரிப்பனும் இல்ல, மாலையும் இல்ல. கதவு திறந்திருக்கு!

அன்னைக்கே நகராட்சி மேனேஜர் கடைக்கு வந்துட்டார்.

"அதான் திறந்தாச்சேம்மா... வாபஸ்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

"வாபஸ் வாங்குதேன் சார். ஆனா இங்க வச்சு இல்ல. கோர்ட்டுல வந்து சொல்லுதேன். இங்க போட்டா, வடிவு விலை போயிட்டாம்பாவ."

பார்த்தீங்களா? வாபஸ்னு சொன்னாலே நம்ம ஊர்ல என்ன பேச்சு? ஒண்ணு மிரட்டிட்டான், இல்ல கொடுத்துட்டான். அந்தம்மாவுக்கு இருந்த சொத்து, சந்தையில அவங்க பேர் ஒண்ணுதான்.

வக்கீல் பீர்முகமது அவங்களுக்காக உழைச்ச மனுஷர். அவருக்கு மனசு வரல.

"ஆச்சி, அவசரப்படாதீங்க. இன்னும் ரெண்டு வாய்தா போனா கமிஷனரையே வரவழைச்சுக் கேள்வி கேக்கலாம்."

"கமிஷனரை வரச் சொல்லியா மனுப் போட்டோம்? கதவைத் திறக்கத்தானே போட்டோம்?"

"நாளைக்குத் திரும்பப் பூட்டினா?"

"அதையும் அந்த ஜட்ஜ் ஐயாகிட்டேயே கேட்டுருவோம்."

போனாங்க. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா வாபஸ் வாங்குறீங்க? யாராவது மிரட்டினாங்களா? பணம் ஏதும்...?"

"இல்லீங்கய்யா. கதவு திறந்திருக்கு. குழாயில தண்ணி வருது. லைட் எரியுது. நான் கேட்டது வந்துட்டு. வந்த பொறவும் உங்க நேரத்தைப் பிடிச்சு வச்சிருக்கது நல்லாயில்லல்லா?"

சொல்லி முடிச்சாச்சு. அந்தம்மா போகல. நிக்கிறாங்க.

"ஐயா... திரும்பப் பூட்டினாங்கன்னா, நான் வரலாமா?"

நீதிபதி சிரிச்சுட்டார். "தாராளமா வாங்கம்மா." வாயால சொன்னதோட விடல. குறை தீர்ந்ததால மனு வாபஸ், மறுபடி பூட்டினால் மனுதாரர் மீண்டும் வரலாம்னு உத்தரவுலேயே எழுத வச்சார்.

சந்தைக்குத் திரும்பினா, எலுமிச்சம்பழம் விக்கிற மரியபுஷ்பம் காத்திருக்காங்க. "ஏட்டி வடிவு, கேஸை விட்டுட்டியாமே... எவ்வளவுட்டி வாங்குன?"

சுடலைவடிவு கோபப்படல. கையை நீட்டிக் காட்டினாங்க. "அந்தா தெரியுதுல்லா கதவு... அதைத்தான் வாங்கினேன். உனக்கும் சேத்துத்தான். போயிட்டு வா, கடையை நான் பாத்துக்கிடுதேன்!"

என் தாய்மார்களே... நம்ம நகருக்கு ரேஷன் கடை கேட்டு வழக்குப் போட்டோம். போன மாசம் கடை வந்துருச்சு. அரிசி வாங்குறோமா இல்லையா? அப்புறம் ஏன் "வாபஸ் வாங்கினா மானம் போயிரும்"னு காலையிலேருந்து சண்டை? கேட்கிறதுக்கு ரோஷம் வேணும், ஒத்துக்கிறேன். கேட்டது வந்த பிறகு, சபையில எழுந்து "வந்துருச்சு"ன்னு சொல்றதுக்கும் அதே ரோஷம் வேணும்! இன்னைக்கு உள்ளதைச் சொன்னவன் நாளைக்கு இன்னொரு குறையோட போய் நின்னா, அவன் பேச்சு எடுபடும். கிடைச்சதை மறைச்சவன் பேச்சு எடுபடுமா?

தோத்தவன்தான் வாபஸ் வாங்குவான்னு யார் சொன்னது? நாம ஜெயிச்சு வாங்குறோம். செவ்வாய்க்கிழமை வாய்தா. வக்கீல் மட்டும் போனாப் போதாது, எல்லாரும் வாங்க. கல்யாணத்துக்குக் கட்டுற சேலையைக் கட்டிட்டு வாங்க!